மேடு என்று நான் சொன்ன சந்து

தர்மபுரி
6.11.1987

என் மகன் சின்னப்பராஜின் மகள் தெரசாவுக்கு, உன் ஆயா இன்னாசியம்மாள் ஆண்டவர் உன்னோடு இருக்க வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் அப்பனுக்கு இருமல் தேவலை. அவனை எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. நிதானமாகப் படி.

சித்திரையில் நீயும் உன்னோடு படிக்கிறவர்களும் கோயில் மண்டபத்தில் நடத்திய விளையாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். காடாத் துணியில் நம் ஊர்த் தெருக்களை வரைந்து, தீப்பெட்டிகளை வீடுகளாக வைத்தீர்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, பெருமழையில் தண்ணீர் நின்ற இடத்தில் வைக்கச் சொன்னீர்கள். அதை எண்ணி, உங்கள் காலேஜில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற குளிர் அறைக் கம்ப்யூட்டரில் போட்டால், மழைத்தண்ணீர்க் கால்வாய் எந்தத் தெருவழியாகப் போக வேண்டும் என்று அது சொல்லும் என்றாய். பொம்பளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என் மாமியா வூட்டு மேல பத்தையும் கொட்டட்டுமா?" என்று கேட்டாளே வேளாங்கண்ணி.

நான் சிரிக்கவில்லை. என் பத்தையும் மேலத் தெருவில் வைத்தேன். "இன்னாசியம்மாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம், அது வைக்கிற எடத்துல வைங்கடி" என்று மற்றவர்களும் அங்கேயே வைத்தார்கள்.

தெரசா, அது பொய். ஏரி நிரம்பிக் கோடி போன அந்தப் பெருமழை வருஷம் மேலத் தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. நின்றது தீர்த்தம்மாள் வீட்டுச் சந்தில். நிலைப்படிக்கு மேல் ஒரு முழம். மாதுவின் எருமைக் கன்று அதில் மிதந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் தாத்தா சவரிமுத்து செத்த அன்று அந்தச் சந்துவழியாகப் போயிருந்தால் கல்லறைக்குக் கூப்பிடு தூரம். "பந்தல் போட்டிருக்குது, சவப்பெட்டி இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க" என்று குறுக்கே நின்றவள் தீர்த்தம்மாள். அவள் மகளுக்கு மறுநாள் கல்யாணம். கொட்டுகிற மழையில் ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவளோடு நான் பேசவில்லை.

விளையாட்டு நடந்த அன்று அவள் பென்னாகரத்தில் பேரன் காதுகுத்துக்குப் போயிருந்தாள். மருமகள் காவேரிதான் வந்தது. முந்தின வருஷம் தை மாதம் கட்டிக்கொண்டு வந்த பெண், ஆறு மாத வயிறு. கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க சந்துக்குத் தண்ணி வருமாங்க ஆயா?" என்று என்னிடம்தான் கேட்டது. "உங்க சந்து மேடும்மா, அங்க எங்க வருது" என்றேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிடித்த மழையில் ஏரி மறுபடியும் கோடி போய்விட்டது. சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர். ராகிக் குதிர் ஊறிச் சரிந்துவிட்டதாம். காவேரி மூன்று மாதப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் வந்தது. பிள்ளையைத் துவட்டப் புடவை கொடுத்தேன். கோபமே இல்லாமல், "மேடுன்னு சொன்னீங்களே ஆயா" என்றது.

தீர்த்தம்மாள் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். பழைய வெள்ளத்தை என்னைப் போலவே பார்த்தவள். மருமகள் சொன்னதைக் கேட்டு என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. உன் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

நேற்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் சொன்ன ஜெபத்தையும் சொல்லி முடித்தேன். ஆனால் அவரிடம் சொன்னதால் உன் வரைபடம் மாறாது. அதைப் பார்த்துத்தான் பொங்கல் கழித்துக் கால்வாய் வெட்டப் போகிறார்கள், இந்த மாதம் பதினான்காம் தேதி கடைசிப் படத்தைக் கொடுக்க வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாய். அது போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த மழையிலும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

காலேஜில் முதல் பரிசு வாங்கிய வேலை, அதில் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று நீ தயங்குவாய். உன் வாத்தியாரிடம் என் பெயரைச் சொல். எங்கள் ஆயா தெரிந்தே பொய் சொன்னாள் என்று சொல். ஞாபகப் பிசகு என்று மட்டும் சொல்லாதே. எனக்கு எதுவும் மறக்கவில்லை. பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு கண்ணு.

தீர்த்தம்மாளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது வேறு.

மழை இன்னும் விடவில்லை. அவர்கள் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவளும் நானும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம், பேச்சில்லை. அழுகிற பிள்ளையின் தூளியை அவள் ஒரு ஆட்டு ஆட்டினால் நான் ஒரு ஆட்டு ஆட்டுகிறேன்.

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். கால்வாய்க் கோட்டை அந்தச் சந்துவழியாக மாற்றி வரைந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அதை அந்த வீட்டாருக்கு நானே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆயா
இன்னாசியம்மாள்