மூடி முடித்த டிஸ்க்

புது ப்ளூ-ரே ப்ளேயரை இன்று பிரித்தேன். தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை வந்ததும் நீங்கள் கூடத்தில் நிற்பது போலிருந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் முகர்ந்து பார்ப்பவர் நீங்கள். கையேட்டைப் படிப்பவள் நான்.

பல வருஷம் முன்னால், சிங்கப்பூரிலிருந்து நம் பெண் எதை வாங்கி வரட்டும் என்று கேட்டபோது நமக்குள் ஒரு மாதம் வாக்குவாதம். "படம் பார்க்கத்தானே? ப்ளேயர் போதும். ரெக்கார்டர் எதுக்கும்மா?" என்றீர்கள். நான் தாளில் கோடு போட்டு, எதில் என்ன வசதி என்று எழுதி நீட்டினேன். "ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னா அப்பீல் ஏது?" என்று கையெழுத்தே போட்டுவிட்டீர்கள்.

பதிவு முடிந்த டிஸ்க்கை அந்த ரெக்கார்டரிலேயே கடைசியாக 'ஃபைனலைஸ்' என்ற பட்டனைத் தட்டி மூடி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு மெஷினில் ஓடாது. அதற்குக் கால் மணி நேரம் ஆகும். கிரிக்கெட்டைப் பதிந்துவிட்டு அப்படியே உருவிக்கொண்டு போவீர்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை. உங்கள் எழுபதாவது பிறந்தநாள் சாப்பாட்டை கேமராவிலிருந்து டிஸ்க்கில் ஏற்றியபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து மூடி முடித்தேன். "டிஸ்க்குக்குக் காவலா?" என்று சிரித்தீர்கள்.

போன மாதம் ரெக்கார்டர் நின்றுவிட்டது. கேமரா அதற்கு முன்பே போயிற்று. உங்கள் குரல் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

கைப்பையில் அதை வைத்துக்கொண்டு தி. நகரில் கடை கடையாக ஏறினேன். நான்காவது கடைக்காரர், "இப்ப யாரும்மா டிஸ்க் போட்டுப் பாக்கறாங்க? எல்லாம் நெட்லயே வருதே" என்றார்.

"என் வீட்டுக்காரர் எந்த நெட்ல வர்றார், சொல்லுங்க."

உள்ளே போய், பழைய இருப்பிலிருந்து இந்த ப்ளேயரை எடுத்து வந்தார். "வீட்ல பதிஞ்சது ஓடும்னு சொல்ல முடியாதும்மா. முக்காவாசி பேர் மூடாமலே விட்டுடுவாங்க." டிஸ்க் உள்ளே போயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது. கைப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று நீங்கள்! கையில் பாயசக் கிண்ணம். "ஹெட்மிஸ்ட்ரஸ் வர்றா, எல்லாரும் நேரா உக்காருங்க!"

கல்லாவில் சாய்ந்திருந்த கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரோ கரெக்டா மூடியிருக்காங்கம்மா" என்றார்.

"யாரோ இல்லை, நான்" என்றேன். அந்தக் கடையில் அப்போது என்னைவிட உயரமானவர் யாரும் இல்லை.

உங்கள் கிரிக்கெட் டிஸ்க்குகளையும் இன்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஓடவில்லை. பால்கனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அந்த மினுமினுப்புக்குப் புறாக்கள் கிட்டே வரவில்லை. ரெக்கார்டர் விஷயத்தில் ஜெயித்தது யார் என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பிறந்தநாள் டிஸ்க்கை மறுபடி போட்டேன். வீட்டில் நான் மட்டும்தான். நீங்கள் பாயசக் கிண்ணத்தோடு அதைச் சொன்னதும், சோபாவில் சாய்ந்திருந்த நான் முதுகை நிமிர்த்தி நேராக உட்கார்ந்தேன்.