இடது பையில் இரண்டு விதை

ஹான்காக், மிச்சிகன்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகன் ஏரோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உன் கிழட்டு நாய் மூவரும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை, நீ நலமா இல்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. நேற்று போனில் கேட்டேன், நல்லாத்தாம்மா இருக்கேன், பஸ் ஏறணும் என்று சொல்லி வைத்துவிட்டாய். சனிக்கிழமை வரை உங்கள் அணிக்கு ஆட்டமும் இல்லை பயணமும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா, நானும் இதே ஐஸ் ஹாக்கித் தொழிலில்தானே பிழைக்கிறேன். யாரிடம் பஸ் விடுகிறாய்? உன் கடைசி மூன்று ஆட்டங்களின் பதிவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நேராகச் சொன்னால் கோபித்துக்கொண்டு தூக்கி எறிவாய், அதனால் என் வழியில் சுற்றி வந்துதான் சொல்வேன். பாதியில் மடித்து வைக்காதே. எழுத்து பெரிதாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பனிக்குக் குறைவில்லை. கூரையிலிருந்து மூன்று தடவை தள்ளியாயிற்று, உங்கப்பா விடிந்ததும் பனி அள்ளும் லாரியோடு போனால் மதியம்தான் வருகிறார், வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சவுனாவுக்குள், அந்தச் சூட்டு ஆவி அறைக்குள், போய்விடுகிறார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது காரைப் பின்னால் எடுத்து நீ இடித்துச் சாய்த்த தபால் பெட்டி இன்னும் ஒழுங்காக நிற்கவில்லை, தரை கல்லாக உறைந்து கிடக்கிறது, ஏப்ரல் வந்தால்தான் குழி தோண்ட முடியும். அதுவரைக்கும் ஒரு பழைய பால் கேனில் கல்லைப் போட்டு அதில் நட்டு வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என் பையன் ஐஸ் மேல ஆளை இடிப்பான், தரைக்கு வந்தா தபால் பெட்டிய இடிப்பான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் அணியில் டோபின் வர்கா என்று ஒரு பையன் இருக்கிறான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன், சஸ்காச்சுவான் பக்கம், இருபத்தொரு வயது, தடுப்பாட்டக்காரன், உன்னைப் போலவே இடது கைக்காரன். மேலே இருக்கும் பெரிய அணி தன் பிள்ளைகளை நம்மைப் போன்ற சின்ன அணிகளில்தானே வளர்க்கிறது, இவனையும் இங்கே வைத்து வளர்த்தார்கள். அவன் வளர்கிறானா தேய்கிறானா என்று மாதம் ஒருமுறை எழுதி அனுப்புவது என் வேலை. கோல் போடுகிறவனை அளப்பது எளிது, பலகையில் எண் விழும். தடுக்கிறவனை எதை வைத்து அளப்பது? அவன் நன்றாக ஆடினால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததை எப்படி எண்ணுவது? அதற்குத்தான் என் பீன்ஸ் விதை, உனக்குத் தெரியாததா. பக்கை, அந்தக் கறுப்பு வட்டை, எடுக்க மூலைக்குப் போகிறவன் போகும் வழியிலேயே பின்னால் யார் வருகிறான் என்று தோளுக்கு மேல் பார்க்க வேண்டும், இடது தோளுக்கு மேல் பார்த்தால் என் கோட்டின் இடது பைக்குள் ஒரு விதை, வலது என்றால் வலது பைக்குள் ஒன்று. அந்தக் குளிரில் பேனா எழுதாது, கையுறை போட்ட விரலுக்குப் பென்சில் அடங்காது, விதை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. எட்டு வயதில் நீ ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் இரண்டு குவியல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு, இன்னிக்கு எனக்குப் பசிக்கல என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். எங்கள் மேலாளர் டெல் ஆஸ்ட்மன்கூட, மார்லிஸ், உன் கோட்டுப் பைய நம்பித்தான் மேல ஒப்பந்தத்துல கையெழுத்தே போடறாங்க என்று எல்லார் முன்னாலும் சொல்வான். அதைக் கேட்டு எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அக்டோபரில் டோபினுக்கு இரண்டு பையும் சமமாக நிறைந்தது. ஜனவரி பிறந்ததும் இடது பை காலியாகிக்கொண்டே வந்தது, ஒரு ஆட்டத்தில் மூன்று, அடுத்ததில் ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சியில் இருபது பேர் நடுவில், கழுத்துல என்னடா சுளுக்கா, திரும்பிப் பாருடா என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது. மாத அறிக்கையில் மூன்று வரி எழுதினேன். கற்றதை மறக்கிறான். சொன்னால் கேட்பதில்லை. மேலே போய்விடுவோம் என்ற மிதப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், மேலே எடுக்கும் பட்டியலில் அவன் பெயரைக் கீழே தள்ளிவிட்டார்கள். விதை பொய் சொல்லவில்லை ஏரோ, எண்ணிக்கை சரிதான், எண்ணினவள் புத்திதான் கோணல்.

போன புதன்கிழமை ஆட்டத்தில் அவன் மூலைக்குப் போனான், இடது பக்கத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் வந்தான். விதிமீறல் ஒன்றுமில்லை, வருகிறவனைப் பார்த்திருந்தால் தோளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சாதாரண இடிதான். இவன் உடம்பை இறுக்கக்கூட இல்லை, மரம் போல் நின்றான், அப்படியே ஓரத் தடுப்புப் பலகையில் முகம் மோதி விழுந்தான். நான் எப்படிக் கீழே இறங்கி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை, கோட்டுப் பையிலிருந்த விதையெல்லாம் படி முழுக்கக் கொட்டிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், கோச், டிசம்பர்ல ஒரு அடி பட்டுச்சு, அதுலேர்ந்தே இப்படித்தான், இடது பக்கம் சட்டுனு தலையத் திருப்பினா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், ஒரு நொடி சுத்தும், அதான் வலது பக்கமே பாத்து ஓட்டிட்டேன், சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம் என்றான். அதோடு விட்டிருக்கலாம். நீங்கதான் எண்ணிக்கிட்டே இருக்கீங்களே, எப்படியும் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் கோச் என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மறுநாள் டெல்லிடம் போய் அறிக்கையைத் திருத்தி அனுப்பப் போகிறேன் என்றேன். அனுப்பினது அனுப்பினதுதான், இப்ப மாத்தினா உன் கண்ணையே சந்தேகப்படுவாங்க மார்லிஸ் என்றான். படட்டும், நானே படறேன் என்று சொல்லிவிட்டு வந்து, தப்பு என்னுடையது என்று பெயர் போட்டு எழுதி அனுப்பினேன். டோபினுக்கு இந்த வருஷ ஆட்டம் முடிந்தது. நன்றாக ஓய்வெடுத்தால் இலையுதிர் காலத்தில் ஆடலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறார். டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் ஆறு வாரத்தில் திரும்பியிருப்பானாம். இன்னொரு அடி விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க என்றார், நான் கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை, விதையை எடுத்து வைத்துக்கொண்டு உன் ஆட்டங்களைப் போட்டேன். மூன்று ஆட்டம் முடிந்ததும் வலது பையில் முப்பத்துநாலு, இடது பையில் இரண்டு. பயந்துபோய் உன் அக்டோபர் ஆட்டங்களில் மூன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன், வலது பதினெட்டு இடது பதினாறு. உங்கப்பா முதலில் நம்பவில்லை. படம் மங்கலா இருக்கு, நீ டோபின் நினைப்புல பேயைப் பாக்குறே என்றார். அப்படியானால் நீங்களே எண்ணுங்கள் என்று விதையைக் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினார். அப்புறம் செருப்பு மாட்டிக்கொண்டு கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார், சன்னல் வழியாகப் பார்த்தேன், அந்தப் பால் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு வீட்டையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வந்து, பெட்டி அவனுக்கு இடது பக்கம்தானே இருந்துச்சு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் குத்துகிறது. கிறிஸ்துமஸ் அன்று அடுப்படி விளக்குக்குக் கீழே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டாய், பேஷனா என்று கேட்டேன். சவுனாவில் அப்பாவையே தோற்கடிக்கிறவன் ஐந்தே நிமிஷத்தில் எழுந்து வந்தாய், வயசாகிப்போச்சு என்று கிண்டல் செய்தோம். நீளமா மெசேஜ் அனுப்பாதேம்மா, திரையில வாசிச்சா தலை வலிக்குது என்று நவம்பரில் நீயே சொன்னாய், பெற்றவளோடு பேச வலிக்கிறதா என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஆட்டத்தில் விழுந்து, லேசா ஒரு இடி என்று சொல்லியிருந்தாய். ஊரார் பிள்ளையை எண்ணத் தெரிந்தவளுக்குத் தன் பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதுவது ஏன் என்று இப்போது புரிந்ததா? தலை வலித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் படி, ஆனால் வியாழக்கிழமை இரவுக்குள் படித்து முடி, அன்றைக்கே கையில் கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க மேலிருந்து ஆள் வருகிறார் என்று தெரியும். நாலு வருஷமாக நீ காத்திருந்த நாள், அதை விடச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும் என்று நினைப்பாய். எனக்கு வருகிறது. ஒன்று யோசித்துப் பார். வருகிறவர் என்னைப் போல ஒரு ஆள், மேல் வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததையே பார்ப்பார். பாவம், பையனுக்குத் தலையில் அடி என்றா எழுதுவார்? கற்றதை மறக்கிறான் என்று எழுதுவார். மூன்று வரிதான், அதற்குப் பிறகு எவனும் மறுபடி உன்னைப் பார்க்க வரமாட்டான், அப்படி எழுதியவளே சொல்கிறேன். நோயென்று தெரிந்தால் காத்திருப்பார்கள், சோம்பேறி என்று தெரிந்தால் காத்திருக்கமாட்டார்கள். இது வேலைக்காரி சொல்வது. அம்மாவாகச் சொல்வது வேறு, இடது பக்கத்திலிருந்து ஒருவன் வருவான், நீ பார்க்கமாட்டாய், நான் இரண்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருப்பேன்.

பன்னிரண்டு வயதில் உன் விரல் முறிந்தபோது மருத்துவமனைக்குப் போகாமல் பட்டை சுற்றி, போ, அழாம ஆடு என்று ஐஸுக்கு அனுப்பியவள் நான்தான். வலியை வெளியே காட்டாதே என்று உனக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், நீ என் நல்ல மாணவன். அந்தப் பாடம் தப்பு ஏரோ. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீயே உங்கள் அணி மருத்துவரிடம் போய்ச் சொல், சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் செய். இந்த வாரம் உங்களுக்கு இடி இல்லாத பயிற்சிதான் என்று விசாரித்துவிட்டேன், அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை வரை பொறுக்கிறேன், நீயாகச் சொன்னதாக இருக்கட்டும் என்று. ஆறு மணிக்குள் உன் போன் வராவிட்டால் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு நான் அவரைக் கூப்பிடுவேன், அவர் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று நீ சொல்லலாம். என்னோடு பேசாமலே போகலாம், கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடலாம், எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். என்னோடு பேசாத பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, என்னை இன்னாரென்று தெரிகிற பிள்ளையாக இரு.

விளக்கைக் குறைத்துத் தூங்கு. காபியைக் குறை. ஏலக்காய் ரொட்டி இரண்டு வேறு பொட்டலத்தில் வருகிறது, கூட இருக்கிற பையன்களுக்கும் கொடு. இந்த உறைக்குள் இரண்டு விதை வைத்திருக்கிறேன், உன் ஆட்டத்துக்கு என் இடது பையில் விழுந்தவை. மற்ற முப்பத்துநாலும் சாப்பாட்டு மேசை மேல் அப்படியே கிடக்கின்றன, அள்ளப் போனால் அப்பா விடமாட்டேன் என்கிறார், நாங்கள் ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். தலையும் உடம்பும் நன்றாகி நீ நூறு வயது இருக்க வேண்டும், ஐஸ் மேலேயோ தரை மேலேயோ எனக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை, ஆறு மணி, எங்கள் நேரம்.

உன்னைப் பெற்ற,
மார்லிஸ்

அப்பா கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார். தபால் பெட்டிய வச்சு ஊரெல்லாம் சிரிச்சதுக்கு என்னை மன்னிச்சிடுன்னு எழுது என்கிறார்.