சிங்கப்பூருக்குத்தான் போகிறேன்

ஜெரால்ட்,

மருமகள் எங்கே போனாலும் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றே சொல்ல வேண்டும். நம் தெருவில் யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி இது. "அம்மா கேட்டா, செவ்வாப்பேட்டைல அவங்க அம்மா ஊட்டுக்குப் போய்க்கிறான்னு சொல்லிடறேன்; நீ கம்முனு கெளம்பு" என்று நேற்று நீங்களும் சொன்னீர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்குழுவோடு சிங்கப்பூர் சென்று இலக்கியத் திறனாய்வு கற்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பாஸ்போர்ட்டுக்கு என்னோடு அலைந்த உங்களுக்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் வருத்தம்.

மீன்குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். சாவி எதிர்வீட்டு ஆரோக்கியமேரி அக்காவிடம்.

ஜெனிபர்

பி.கு.: நீங்கள் ஷிப்ட் முடிந்து வருமுன் உங்கள் அம்மா புதுவாயலிலிருந்து வந்துவிடுவார்கள். அத்தையே முதலில் படிக்கட்டும் என்று இதை மடிக்காமல் வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன்.