வெள்ளைப் பூ வந்தால் ஜெர்மனி

அன்புள்ள ரேணுகா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பெட்டியை நீல நிறத்தில் வாங்குவது என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டு ஜெர்மனிக்கு உன்னிடம் வருவதா என்பதில்தான் குழப்பம்.

உன் பொறியியல் மேலாண்மை வகுப்பில் கற்றுத்தந்ததாக நீ அனுப்பிய அட்டவணைப்படி மதிப்பெண் போட்டேன். வருவதும் வராததும் சமமாக நின்றன. அதனால் இன்று காலை நானும் உன் அண்ணனும் படாளம் அம்மன் கோயிலில் இரண்டு பூப் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டோம். வெள்ளை என்றால் ஜெர்மனி, சிவப்பு என்றால் நாவலூர் அலுவலகம்.

வெள்ளை வந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் போட்டேன். சிவப்பு.

"இன்னா மாப்ள, ஆத்தாளையே பேஜார் பண்ணிக்கினு கீற! இன்னொரு தபா போடு" என்றார் உன் அண்ணன்.

மூன்றாவது முறை வெள்ளை. ஆகவே வருகிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தபோது மணி பதினொன்று. சென்னையில் என் விசா நேர்காணல் இன்று பத்து மணிக்கு.

உன் வீட்டுக்காரன்