யாரும் சோதிக்காத தண்ணீர்

என் பாசமுள்ள ஜெசி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. தம்போயில் நம் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் என்ன சொல்வேன்?

நீ வேலை பார்த்த தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில், ஆற்றுநீரில் அழியாத இரசாயனங்கள் கலந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா என மேலாளரிடம் ஒருநாள் கேட்டாய். "சட்டம் கேக்கல. கேக்காதத நாம ஏன் தேடணும்?" என்றாராம் அவர். அன்று தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் அடுப்படியில் வந்து நின்றாய்.

"கொதிக்க வச்சாலும் போகாது ரோசி. உடம்புல சேர்ந்தா வருஷக்கணக்கா தங்கிரும்," என்றாய். நான் சோறு வடித்துக்கொண்டே 'உம்' கொட்டினேன். ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை?

பிறகு உனக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். தண்ணீராலா என்று நீயே மருத்துவரிடம் கேட்டாய். "அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்றார். அந்தப் பதிலோடுதான் போனாய்.

இப்போது ஒரு செய்தி, அக்கா. குடிநீரில் அந்த இரசாயனங்களுக்கு வரம்பு வேண்டும், சோதனை கட்டாயமாக வேண்டும், முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்டு, தாமான் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். போன சனிக்கிழமை மண்டபத்தில் அதற்கான கூட்டம் நடந்தது. அதிகாரிகளும் வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தோணி வேலை செய்யும் முலாம் பூசும் தொழிற்சாலையிலும் அந்த இரசாயனம் உண்டு. "நீ அங்க போய்ப் பேசுனா என் வேலை என்னாகும்? யோசிச்சியா லா?" என்று முந்தின நாளே கேட்டார். யோசித்தேன். ஆனாலும் போனேன்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தண்ணீரால்தான் நீ இறந்தாய் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி மலாயில் கேட்டார். இல்லை என்றேன். யாருமே சோதிக்கவில்லை, அதற்காகத்தான் சட்டம் கேட்கிறோம் என்றேன். அவர் தலை நிமிராமல் எதையோ எழுதினார். மனுவை வாங்கிக்கொண்டார். எப்போது பதில் வரும் என்று சொல்லவில்லை.

அந்தோணி மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"சூப்பர்வைசர் கேட்டாரு, பேசுனது உன் பொண்டாட்டியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுட்டேன்."

மறுநாளே அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வார்களோ தெரியாது.

அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போவேன், அக்கா. சோதித்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுதும்வரை, உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ரோசி