வேண்டாம் என்று கை உயர்த்தியவர்கள்

12.09.1995, ஹம்பேர்க்

சரஸ்வதி பூசைக்குத் தேவாலய மண்டபத்தை ஒரு ஞாயிறு தரமுடியுமா என்று சைவக் குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. ஞாயிறு பின்னேரம் அங்கே எங்கள் தமிழ் ஆராதனை. அதனால் ஜெர்மன் போதகர் இன்று எங்கள் சபையிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"ஏலாது எண்டு சொல்லு பிள்ளை. சமையல் மணம், சத்தம், வாசல் முழுக்கச் செருப்பு," என்றார் சபைத் தலைவர் செல்வம் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன். அந்தக் காலத்தில் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் திருநீற்றை அழித்தால்தான் உள்ளே விடுவார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதை ஏனோ நினைவுக்கு வந்தது.

போதகர் தங்கள் ஜெர்மன் சபையின் பழைய கூட்டக் குறிப்பொன்றை என்னிடம் நீட்டினார். நாங்கள் முதன்முதல் மண்டபம் கேட்டபோது எழுதியது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள்: சமையல் மணம், சத்தம், வாசலில் செருப்பு. அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு அண்ணை, "ஓம், குடுக்கட்டும்," என்றார்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. எதிர்த்தவர்களின் பெயர்களில் கடைசியாக இருந்தது போதகரின் பெயர். தெரிந்தேதான் நீட்டியிருக்கிறார். இப்போது ஞாயிறுகளில் எங்கள் செருப்புகளுக்கு நடுவே அவருடைய சப்பாத்தும் கிடக்கிறது. இடையில் அவருக்கு என்ன நடந்தது? யார் எதிர்த்தார்கள் என்றுகூட இத்தனை வருசமாக நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.