ஏற்றம் மட்டும் உள்ள பாதை

லாச்சப்பல், பாரிஸ்
10 பெப்ரவரி 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதங்களில் நான் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத மாட்டேன். தொலைபேசியில் நீங்களும் அம்மாவும் கதைக்கத் தொடங்கினால் கடைசியில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறீர்கள். எனக்கு முறை வருவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

முதல் உண்மை: நீங்கள் போன பிறகு மேசையில் உங்கள் பக்கத்தை அயன் பண்ண வேண்டிய துணிகள் பிடித்துக்கொண்டன. அம்மா ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கிவிட்டு வந்து அங்கேதான் நின்று அயன் பண்ணுகிறார். உங்கள் கடிதம் வந்தால் நான் எதிரில் இருந்து உரத்து வாசிப்பேன். அம்மா கேட்காதவர் மாதிரிக் கேட்பார்.

திட்டம் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் முதலில் இங்கிலாந்துக்குப் போய் வேலையும் வீடும் பார்ப்பது, ஆகஸ்டில் நாங்கள் வந்து பார்ப்பது, அம்மாவுக்குப் பிடித்தால் நான் அங்கே பள்ளிக்கூடம் சேர்வது. உங்கள் பெற்றோல் ஸ்ரேசன் மலையடிவாரத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். நூலகத்தில் டார்பிஷயர் பற்றி ஒரு புத்தகம் பார்த்தேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு, நாள்கணக்கில் அந்த மலைகளில் ஓடுகிறார்களாம். நீங்களும் ஓடுவதுண்டா? அம்மாவிடம் கேட்டேன். “கொப்பருக்குச் சைக்கிள் எண்டால் காணும், சோறும் வேண்டாம்” என்றார். கொஞ்சம் சிரித்தார் என்றே நினைக்கிறேன்.

உங்கள் மகள்
கஜந்தினி

டார்பிஷயர்
3 மார்ச் 2013

அன்பு மகளுக்கு,

உன் எழுத்து வடிவாக இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். இங்கே நான் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன்.

ஓம், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓடுகிறேன். நான் வேலை செய்கிற பெற்றோல் ஸ்ரேசன் கடையைத் தாண்டியதும் ஒடுங்கிய ரோட்டு ஒன்று மேலே போகிறது. இரண்டு பக்கமும் சீமெந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய மதில். முதல் வளைவில் ஒரு சின்னத் தேவாலயம், அதற்குப் பிறகு மரமே இல்லை. செம்மறிகள் ரோட்டுக்கு நடுவில் படுத்திருக்கும், மணி அடித்தாலும் எழும்பாது. உச்சியில் நின்றால் மூன்று பள்ளத்தாக்குகள் தெரியும். பாலத்தில் ஏறினாலே மூச்சு வாங்குகிற தட்டையான ஊரில் பிறந்தவன் நான். என்னை நானே நம்பவில்லை.

கடையில் விற்கிற வரைபடம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் நீயும் நானும் ஓடலாம். அம்மா தேவாலயத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கட்டும்.

அன்புடன்
அப்பா

லாச்சப்பல்
14 ஏப்ரல் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

வரைபடத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மண்ணிறக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சமதரை. இப்போது எனக்கு அதை வாசிக்கத் தெரியும். நீங்கள் சொன்ன ரோட்டில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

கீழ்வீட்டு ஜிஸ்லேன் அன்ரியைத் தெரியும்தானே, தபாலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பாண்டிச்சேரி அன்ரி. நிலவறையில் கிடந்த தன் பழைய சைக்கிளைத் தந்தார். இங்கிலாந்து மலைக்குப் பழகப்போகிறேன் என்றேன். “இந்த ஊர்ல மலைக்கு எங்கடி போவ? மொன்மார்த்தர் ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பாதி படிக்கட்டு” என்றார். இப்போதைக்கு வீட்டுக்குப் பக்கத்தில், ஸ்டாலின்கிராட் மெட்ரோவடியில், கால்வாய்க் கரையோடு ஓடுகிறேன். அங்கே ஏற்றமே இல்லை.

உண்மை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்தபோது மூன்று பள்ளத்தாக்குகள் வந்த இடத்தில் அம்மா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “கொப்பருக்கென்ன, மலை மலையா ஏறித் திரியிறார். நான் இஞ்சை மற்றாக்களின்ரை கட்டிலை விரிச்சுக்கொண்டு நிக்கிறன்” என்றார். வீடு பார்த்துவிட்டீர்களா என்று அவரே கேட்டு எழுதச் சொன்னார்.

உங்கள் மகள்
கஜந்தினி

டார்பிஷயர்
19 மே 2013

அன்பு மகளுக்கு,

வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அவசரப்பட்டால் நல்ல வீடு கிடைக்காது.

போன ஞாயிறு இன்னும் தூரம் போனேன். தேவாலயத்தில் வலது பக்கம் திரும்பினால் ஒரு பழைய ஆலை, அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குக் கால் நோகிற மாதிரி ஒரு ஏற்றம். கியரைக் குறைத்து, இருக்கையில் இருந்தபடியே, அவசரப்படாமல் மிதிக்க வேண்டும். மேலே ஊதாப் பூச் செடிகள் கண்ணுக்கெட்டிய வரைக்கும். ஆகஸ்டில்தான் பூக்குமாம். நீ வரும்போது சரியாக இருக்கும். இங்கே காற்று எவ்வளவு சுத்தம் என்றும் அம்மாவுக்குச் சொல்.

அன்புடன்
அப்பா

லாச்சப்பல்
23 ஜூன் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

மொன்மார்த்தர் ஏறினேன். பாதியில் இறங்கி உருட்டினேன், அதையும் மறைக்கவில்லை. ஏறும்போது எனக்கு முன்சக்கரமும் அதன் கீழே கல்லும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இறங்கும்போதுதான் உண்மையாகப் பயந்தேன். பிரேக் கத்தியது, விரல்கள் மரத்துப்போயின, காற்றில் கண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து அதைத்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

பிறகு உங்கள் கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். அப்பா, நீங்கள் எப்போதும் ஏறுகிறீர்கள். ஒரு தடவைகூட இறங்கவில்லை. வரைபடத்தில் நீங்கள் போகும் ரோட்டுக்கு வேறு முடிவு இல்லை, போன வழியேதான் கடைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு செங்குத்தில் இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டுக்கு முன்பு அதற்கும் பழக வேண்டும்.

இன்னொரு செய்தி. நான் பாலர் வகுப்பில் இருந்தபோது நீங்கள் இருவரும் கேட்டிருந்த அரசாங்க வாடகை வீடு வந்திருக்கிறது, பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எடுத்தால் நாங்கள் இங்கிலாந்து வரமாட்டோம் என்று அம்மா சொன்னார். எடுக்காவிட்டால் அங்கே வீடு எங்கே என்றும் கேட்டார். நான் உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன், அம்மாவின் மனம் மாறும் என்று நினைத்து. ஊதாப் பூ வந்த இடத்தில், “காணும், வை” என்றார்.

விரைவாகப் பதில் போடுங்கள்.

கஜந்தினி

டார்பிஷயர்
28 ஜூலை 2013

அன்பு மகளுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

எனக்குச் சைக்கிள் இல்லை. அந்த ரோட்டில் தேவாலயம் வரைக்கும்கூட நான் போனதில்லை. கடை ஏற்றத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே போகிற சைக்கிள்காரர்கள் தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்கும் இங்கே நிற்பார்கள். காசை எடுக்கும்போது எங்கே போகிறோம், வழியில் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். நானும் கேட்பேன், நாள் போக வேண்டும்தானே. இறங்கி வருகிறவர்கள் நிற்பதில்லை. வந்த வேகத்திலேயே போய்விடுவார்கள். அதனால்தான் எனக்கு இறக்கம் தெரியாது.

ஞாயிறும் வேலைதான். கடைக்கு மேலே சாமான் பெட்டிகள் வைக்கிற அறையில் படுக்கிறேன். வீடு எடுக்கிற அளவுக்கு இன்னும் காசு சேரவில்லை. ஆகஸ்டில் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

நீ வாசிக்க அம்மா கேட்பாள் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். எங்கட ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கஷ்டத்தை எழுதுகிறதில்லை. கஷ்டத்தைக் கேட்டால் அவள் வரமாட்டாள் என்று பயந்தேன். நீ சைக்கிளைக் கேட்டாய், நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

இதை அம்மாவுக்கு வாசிக்காதே, பிள்ளை. பூவைப் பற்றி ஏதாவது சொல்லிவிடு.

அப்பா

லாச்சப்பல்
31 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கு வாசித்துவிட்டேன். கடைசி வரி வரைக்கும், வாசிக்காதே என்ற இடத்தையும் சேர்த்து. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூவைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன், என்னால் முடியவில்லை.

அம்மா உங்கள் பழைய சேர்ட் ஒன்றை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் அதை இன்னும் அயன் பண்ணுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெட்டிகள் வைக்கிற அறை வந்ததும், “அந்த இடத்தைத் திருப்பி வாசி” என்றார். வாசித்தேன். அயன்பெட்டியைத் துணியில் அப்படியே வைத்துவிட்டார், காலரில் மண்ணிறமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது.

“இதை முதலே எழுதியிருக்கலாமே, மனுசன்” என்றார். “நான் வந்து அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலயாவது இருந்திருப்பன். வீட்டுக்குக் கையெழுத்து வச்சாச்சு.”

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா கையெழுத்து வைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதை எழுதாமல் விட்டால் உங்களுக்கு இலகுவாக இருக்கும் என்று யோசித்தேன். ஆனால் நான் தொடக்கத்தில் ஒன்று சொல்லியிருந்தேன்.

இன்று போகிறோம். வெறும் தரையில் இருந்து எழுதுகிறேன். ஜிஸ்லேன் அன்ரி சைக்கிளை எனக்கே தந்துவிட்டார். உங்கள் வரைபடத்தைக் கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது.

உங்களை வரச்சொல்லி எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “வரச்சொல்லி எழுதாத. முகவரியை மட்டும் வடிவா எழுது” என்றார். கடித உறையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் வழியைப் பார்த்து வைத்திருக்கிறேன், அப்பா. ஓல்னே ரயில் நிலையத்தில் இறங்கி, மருந்துக்கடையில் இடது பக்கம் திரும்பி, பள்ளிக்கூட மதிலோடு நேரே வர வேண்டும். போகும்போதும் நடந்தேன், திரும்பி வரும்போதும் நடந்தேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நிற்காமல் போகிற மாதிரி ஒரு இடமும் இல்லை.

அம்மா கூப்பிடுகிறார். பெட்டிகள் கீழே போய்விட்டன. சமையலறை விளக்கை அணைத்துவிட்டார், இப்போது இந்த அறையினதையும்.

கஜந்தினி